மரத்தையும் சேர்த்து

எங்கள் அனுமார் கோயிலுக்குக் கோபுரம் கிடையாது. ஆவடியில், குவார்ட்டர்ஸின் பின்பக்கக் கேட்டைத் தாண்டி ஏரிக்கரைக்கு ஏறுகிற மண்பாதையில் நாலு தூண், மேலே தகரம், உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் ஆஞ்சநேயர். பக்கத்தில் ஒரு பூவரச மரம். அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமை கூட்டம் தாங்காது. முகப்பேரிலிருந்தெல்லாம் ஸ்கூட்டரில் வந்து வடைமாலை சாத்திவிட்டுப் போகிறார்கள். வேண்டியது நடக்கிறதாம். நடக்கட்டும். நான் அங்கே எதையும் வேண்டுவதில்லை. நான் போவது அவரைப் பார்க்க இல்லை என்பது இத்தனை வருடத்தில் அவருக்கே தெரிந்திருக்கும்.

அந்தக் கோயில் வருவதற்கு முந்திய ஐப்பசியில் நான் எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தேன். ஒரு நாள் காலையில் வயிற்றில் அசைவு நின்றுபோனது. அம்பத்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை. பிறக்கும்போதே உயிர் இல்லை. யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது, ஆள்தான் கிடைக்கவில்லை. முகத்தை ஒரு தடவை காட்டினார்கள். தலை நிறைய முடி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தது. தொட்டுப் பார்க்கலாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் வெள்ளைத் துண்டை இழுத்துச் சுற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் மழையில் இறங்கிப் போனார். மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. முழங்கால்வரை சேறு இருந்தது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அவர் இங்கே ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர், நான் அவரைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். எங்கள் பக்கம் இப்படிப் பிறந்துபோன பிள்ளைக்கு ஒன்றும் செய்வதில்லை. பெயர் கிடையாது, படம் கிடையாது, பதினாறாம் நாள் கிடையாது. ஆண்கள் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். பெற்றவளிடம் இடத்தை மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் அவள் நினைப்பு அங்கேயே கிடக்கும், அடுத்தது தங்காது என்பார்கள்.

"எங்க வச்சீங்க?" என்று ஆட்டோவில் வரும்போதே கேட்டேன்.

"கேக்காத."

"நான் பெத்ததுதானே?"

"கேக்காதன்னு சொல்லுதேன்லா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது குவார்ட்டர்ஸுக்கே தெரியும். அவர் அதற்கு நேர் எதிர், கல்லுளிமங்கன். நான் அழுது கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன், சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். என்னைப் பார்க்க வந்தவர்களும் ஆளாளுக்கு ஒரே பாட்டுதான். கேட்காதே, நினைக்காதே, அழாதே, அடுத்தது வரும். எதிர்வீட்டு அக்கா சேலத்துக்காரி, நல்லவள்தான். அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் கனவு மாதிரி நெனச்சுக்க சாமி" என்றாள். கனவு கண்டவளுக்கு எதற்குப் பால் கட்டும் என்று அவளிடம் கேட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

பால் கட்டியது உண்மை. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அதற்கெல்லாம் அது அடங்கவில்லை. யார் வீட்டிலாவது குழந்தை அழுதால் என் ரவிக்கை நனைந்துவிடும். நான் பித்துப் பிடித்தவளாகத்தான் அலைந்தேன். பூந்தமல்லிக்கு பஸ்ஸில் போகும்போது பாரிவாக்கம் பக்கம் காலி மனைகளில் எங்கே புது மண் கிளறிக் கிடந்தாலும் கண் அங்கேயே நிற்கும். முத்தாபுதுப்பேட்டையில் யாரோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய குழியை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், மேஸ்திரி வந்து, "இன்னாம்மா வேணும்?" என்று கேட்டபோதுதான் சுரணை வந்தது. மழை பெய்தால் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். நனையுமே என்று நினைப்பேன். எது நனையும், எங்கே நனையும் என்று தெரியாமல் வாசலில் நிற்பேன்.

அந்த நாட்களில் ஒன்றை நான் கவனித்தும் கவனிக்காமலும் இருந்தேன். அதுவரை என் வீட்டுக்காரர் பின்பக்கக் கேட் வழியாகத்தான் வேலைக்குப் போவார், சைக்கிளில் ஐந்து நிமிஷம். ஐப்பசிக்குப் பிறகு முன்பக்கக் கேட்டில் இறங்கி ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டதற்குப் பின்பக்கம் ரோடு சரியில்லை என்றார். எந்த வருடம் அது சரியாக இருந்தது என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

மாசி மாதம். மத்தியான நேரம், அவர் ஷிஃப்டில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. ஊ என்று நீளமாக இழுத்து, முடிவில் உடைந்துபோகிற சத்தம். பால் நின்றுபோய் எத்தனையோ நாளாகிவிட்ட மார்பு அந்தச் சத்தத்துக்குக் கனத்தது. என் பிள்ளைதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படியேதான் நினைத்தேன். ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

துவைக்கிற கல்லின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. குவார்ட்டர்ஸ் பக்கம் குரங்குக்குப் பஞ்சம் கிடையாது, கொய்யாவுக்கும் மொட்டைமாடி வடகத்துக்கும் கூட்டமாக வரும். இது தனியாக வந்திருந்தது. ஒரு குட்டியைக் கையைப் பிடித்துத் தூக்கி வைத்திருந்தது. குட்டியின் தலை பின்னால் தொங்கியது. மறுகை கருகியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரில் ஏறிக் கரண்ட் அடித்துச் செத்திருக்கிறது. தாய் அதன் தாடையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்தது, பேன் பார்த்தது, மறுபடி நிமிர்த்திப் பார்த்தது. என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டக்கூட இல்லை.

நான் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. குட்டி வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"கதவச் சாத்து. பொணத்தைத் தூக்கிட்டுத் திரியுது, வீட்டுக்கு ஆகாது."

"ஆகாட்டா போகட்டும். இனிமே எங்க வீட்டுக்கு ஆகுறதுக்கு என்ன இருக்கு?" என்றேன்.

எனக்கு அந்தக் குரங்கின் மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். இரக்கம் வந்ததும் உண்மைதான், ஆனால் முதலில் வந்தது பொறாமை. அதன் கையிலிருந்து யாரும் பிடுங்கவில்லை. அழுகிப்போனாலும் அது தன் பிள்ளையைத் தானே வைத்துக்கொண்டிருந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. ஒரு காலை, பிளாக்கின் பொதுக் குழாயடியில் தண்ணீர் குடிக்க அது குட்டியைக் கீழே வைத்த நேரம் பார்த்து ஆண்கள் சாக்கை வீசிக் குட்டியை மட்டும் அள்ளிக்கொண்டார்கள். தாய் பாய்ந்து வந்தது. கம்பை ஆட்டி விரட்டினார்கள். நான் வீட்டிலிருந்து ஓடினேன்.

"அதுகிட்டக் குடுங்க. அதுவா கீழ வைக்கட்டும்," என்று கத்தினேன்.

"நாத்தம் தாங்கலக்கா. சின்னப் புள்ளைங்க இருக்கிற எடம்," என்றான் ஒருத்தன். அவன் சொன்னதும் நியாயம்தான். சாக்கைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுவதாக இருந்தார்கள். அப்போதுதான் பால்காரர் வந்தார். இந்த ஊர்க்காரர், இப்போது குவார்ட்டர்ஸ் நிற்கிற பக்கமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பம் பயிர் வைத்த நிலம். இரண்டு மாடு வைத்துக்கொண்டு எங்களுக்குப் பால் ஊற்றினார்.

"இன்னா பேசிக்கினு கீறீங்க?" என்று சைக்கிளை நிறுத்தினார். "ஆஞ்சநேயரு நம்ம எடத்துல உசிர உட்டுகீறாரு. குப்பைல போட்ருவியா நீ? செய்ய வேண்டிய மொறைய செஞ்சுதான் அடக்கம் பண்ணணும்."

அவ்வளவுதான், கொஞ்சம் முன்னால் நாற்றம் என்றிருந்தவர்கள் சந்தனம் வாங்க ஓடினார்கள். குட்டியைக் குளிப்பாட்டி, மஞ்சள் துணி சுற்றி, ஒரு மணையில் உட்காரவைத்து, நெற்றியில் செந்தூரம் வைத்தார்கள். சாமந்தி மாலை வந்தது. எங்கிருந்தோ மேளம்கூட வந்துவிட்டது. பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். பெண்பிள்ளை இடுகாட்டுப் பக்கம் வரக்கூடாது என்று எனக்குச் சொன்ன அதே வாய்கள், "சாமிக்கு என்ன, எல்லாரும் வரலாம்" என்றன.

என் வயிறு எரிந்தது. ஒரு குரங்குக் குட்டிக்கு மேளம், மாலை, ஊர்வலம். என் பிள்ளைக்கு ஒரு துண்டு. நான் பின்னாலேயே நடந்தேன். தாய்க்குரங்கு காம்பவுண்டு சுவரின் மேல் ஊர்வலத்துக்கு ஈடாக நடந்து வந்தது. சுவர் முடிந்த இடத்தில் மரத்துக்குத் தாவியது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அதற்குத் தெரிந்தது. அதற்கிருந்த அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லாமல் போனதே என்று நினைத்து நினைத்து நடந்தேன்.

பின்பக்கக் கேட்டைத் தாண்டி, ஏரிக்கரைப் பாதையில் அந்தப் பூவரச மரத்தடியில் இறக்கினார்கள். நிழலான இடம். அந்த நேரம் ஷிஃப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேளச் சத்தம் கேட்டு வந்திருப்பார். ஐப்பசிக்குப் பிறகு அவரை நான் அந்தப் பக்கம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கூட்டத்துக்கு வெளியே நின்றார். பால்காரர் மரத்தின் கிழக்குப் பக்கம் போய்க் கடப்பாரையை ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

"அங்க வேண்டாம்," என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்காத மனுஷன்.

"ஏன் நைனா?"

"வேர் இருக்கும்."

பால்காரர் கடப்பாரையை உருவினார். "வேரா? மண்ணு பூவாட்டம் கீது நைனா. கடப்பாரை தானா எறங்குது."

"அங்க வேண்டாம்னு சொல்லுதேன்லா." அவர் குரல் உடைந்துவிட்டது. சைக்கிள் கையிலிருந்து நழுவிச் சாய்ந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. என் அடிவயிறு தெரிந்துகொண்டது. பூவாட்டம் இருக்கிற மண். முழங்கால்வரை சேறு. முன்பக்கக் கேட். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. பால்காரர் அவரையும் என்னையும் ஒரு நொடி பார்த்தார். பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, தள்ளிக்கோங்க. அந்தாண்ட தோண்டலாம்" என்று மரத்தின் மேற்குப் பக்கம் போனார். அங்கே மண் கெட்டியாக இருந்தது. தோண்ட வெகுநேரம் ஆனது. மணையோடு இறக்கி, உப்பும் விபூதியும் போட்டு மூடினார்கள். மேலே கிளையில் தாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கீழே நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அங்கயா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார்.

"இடுகாட்டுக்குத்தான் கொண்டுபோனேன். மழைல குழியெல்லாம் தண்ணி. நாய் ரெண்டு கெடந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. போட மனசு வரல. தூக்கிட்டே நடந்தேன். அந்த மரத்தடிதான் கொஞ்சம் மேடா இருந்துச்சு." நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். "வேலைக்குப் போற வழி. தினம் பாத்துக்கிடலாம்னு நெனச்சேன். ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போக முடியல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ அங்கயே கெடப்ப. நாலு பேரு கேப்பாங்க. அது சர்க்காரு நெலம். தெரிஞ்சா தோண்டி எடுப்பாங்க, கேஸாகும், வேலையும் போகும்."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே, இந்த மனுஷன் நாய்க்குப் பயந்து மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடு தேடி நடந்ததை நினைத்ததும் கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். அவள் போனதற்கு நாங்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் குட்டியை அடக்கம் செய்த இடத்தில் பால் தெளித்தார்கள். நானும் ஒரு சொம்பில் கொண்டுபோனேன். பாதியை அங்கே ஊற்றினேன். எல்லோரும் கற்பூரத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது மீதியை மரத்தின் கிழக்குப் பக்கம் ஊற்றினேன். மண் அதை உடனே குடித்துவிட்டது. என் பிள்ளைக்கு நான் கொடுத்த முதல் பால் அது. நான் அங்கே ஊற்றியதை யாரும் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு கல் வந்தது, தகரம் வந்தது. பால்காரர் குளித்து நாமம் போட்டுப் பூசாரி ஆனார். சனிக்கிழமை வெற்றிலை மாலை, வடைமாலை என்று கூட்டம் சேர்ந்தது. நான் தினமும் போனேன். சுவாமியைச் சுற்ற வேண்டும் என்றால் தகரக் கொட்டகையை மட்டும் சுற்றினால் போதும். எனக்கு மரத்தை விட்டுவிட்டு வரக் கால் வரவில்லை. கொட்டகையையும் மரத்தையும் சேர்த்துப் பெரிய சுற்றாகச் சுற்றினேன். அந்த இடத்தை மிதித்துவிடாமல் நன்றாக ஒதுங்கி, அது எனக்கு வலது கைப் பக்கம் இருக்கும்படி சுற்றுவேன். கிழக்குப் பக்கம் வரும்போது உள்ளங்கால் கூசும். காற்றே இல்லாத நாளிலும் அந்தப் பக்கத்துக் கிளை மட்டும் அசைந்துகொண்டிருக்கும். ஒரு தடவை சுற்றி முடித்தபோது யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நான் பயப்படவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

தாய்க்குரங்கு வெகுநாள் அந்த மரத்திலேயே இருந்தது. நான் சுற்றும்போது அதன் தலையும் என்னோடு திரும்பும். அப்புறம் ஒரு நாள் காணவில்லை. அனுமாரைப் பெற்ற அஞ்சனைதான் அந்த மரத்தில் இருந்து பிள்ளையைப் பார்த்தாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. எதிர்வீட்டு அக்கா முதலில் என்னோடு பேசிக்கொண்டே மரத்தைச் சேர்த்துச் சுற்றினாள்; பிறகு அவளே, "தாயை விட்டுட்டு மகனை மட்டும் சுத்தலாமா?" என்று மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கல்லுளிமங்கனோடு குடும்பம் நடத்தி எனக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பையன் பிறந்து நடக்க ஆரம்பித்திருந்தான். அப்போதுதான் அது நடந்தது. கோயிலுக்குத் தண்ணீர் வேண்டும், அபிஷேகத்துக்குக் குடம் குடமாகச் சுமக்க முடியவில்லை, போர் போடலாம் என்று குவார்ட்டர்ஸ் ஆண்கள் முடிவு செய்தார்கள். நீரோட்டம் பார்க்க ஒருவரை அழைத்து வந்தார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடப்பார். கீழே தண்ணீர் இருந்தால் தேங்காய் தானாக நிமிரும் என்பார்கள். அது ஒரு சனிக்கிழமை காலை. நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். அவர் கொட்டகையைச் சுற்றி நடந்தார், பாதையில் நடந்தார், தேங்காய் அசையவில்லை. மரத்தின் கிழக்குப் பக்கம் போனார். தேங்காய் எழுந்து நின்றது.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவர் ஒரு அடி பின்னால் வந்தார், தேங்காய் படுத்தது. முன்னால் போனார், நின்றது. சரியாக அந்த இடம். அங்கே ஒரு குச்சியை நட்டுச் சிவப்புத் துணியைக் கட்டினார்கள். திங்கட்கிழமை லாரி வந்துவிடும் என்றார் ஒருவர். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வேர் இருக்கும் என்று இரண்டாம் தடவை எப்படிச் சொல்வது?

சொல்லிவிடுவது என்று நான் தீர்மானித்தேன். வேலை போனால் போகட்டும், கேஸ் போட்டால் போடட்டும். அந்த இரும்பு என் பிள்ளை மேல் இறங்க விடமாட்டேன். "இங்க பாருங்க" என்று நான் முன்னால் போகும்போதே எதிர்வீட்டு அக்கா என்னை இடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"ஏங்க, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா? சுத்துற எடத்துல குழாயை எறக்குனா நாங்க எங்க சுத்துறது? தாய் உக்காந்த மரம் அது."

"தேங்காயே சொல்லிருச்சேம்மா."

"தேங்கா சொன்னா தேங்காயைச் சுத்திக்குங்க. நாங்க மரத்தை விட மாட்டோம்."

மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்திக்கு மரத்தைச் சுற்றித்தான் கல்யாணம் கூடியதாம், ஒருத்திக்கு அங்கே சுற்றித்தான் வலி விட்டதாம். ஆண்கள் பூசாரியின் முகத்தைப் பார்த்தார்கள். பால்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக நடந்து வந்தார். குச்சியைப் பிடுங்கினார். அது லேசாகவே வந்துவிட்டது.

"இங்க வேணாம்பா," என்றார். "அடில வேரு கீது. இந்த நைனா அப்பவே சொன்னாரு. தண்ணி பாதையாண்டயும் கீது, அங்க போடு."

சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போய் மணியை அடித்தார். பூவாட்டம் கீது என்று ஊர் கேட்கச் சொன்னவர். குச்சி நட்டிருந்த துளையை நான் காலால் மூட நினைத்தேன், மனசு வரவில்லை, குனிந்து கையால் மூடினேன். என் வீட்டுக்காரர் பையனின் வயிற்றில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தார். பையனுக்குக் கூச்சமாகிச் சிரித்தான்.

அதற்குப் பிறகு யாரும் அங்கே கை வைக்கவில்லை. நாங்கள் குவார்ட்டர்ஸை விட்டு முத்தாபுதுப்பேட்டையில் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். சனிக்கிழமை ஷேர் ஆட்டோவில் போய் வருகிறேன். எதிர்வீட்டு அக்கா சேலத்துக்கே திரும்பிப் போய்விட்டாள். பால்காரரும் இப்போது இல்லை. அவர் மருமகன் பூசை செய்கிறான். என்னைத் தெரிந்த முகங்கள் அங்கே குறைந்துகொண்டே வருகின்றன.

போன மார்கழியில், அனுமத் ஜெயந்தி அன்று, கூட்டத்தில் என்னைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள். முட்டி வலி வேறு. கொட்டகையை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கூட்டம் குறைந்ததும் மரத்துப் பக்கம் போகலாம் என்று ஓரமாக வந்து நின்றேன். ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, இடுப்பில் கைக்குழந்தையோடு என்னிடம் வந்தாள். முன்னே பின்னே பார்த்திராத முகம்.

"ஆன்ட்டி, தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க அப்படிச் சுத்தக் கூடாது. மரத்தையும் சேத்துச் சுத்தணும். அதான் இந்தக் கோயில் முறை."

"அப்படியா?" என்றேன்.

"ஆமா ஆன்ட்டி. தாய் அங்கதான் இருக்காங்களாம். அந்தப் பக்கம் போகும்போது மண்ணை மிதிக்காம ஒதுங்கி வரணும். எங்க அத்தை சொன்னாங்க."

அவளுக்குப் பின்னால் நீளமாக ஒரு வரிசை மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவைகள், சுடிதார்கள், கையில் விளக்கோடு ஒருத்தி. கிழக்குப் பக்கம் வந்ததும் ஒவ்வொருத்தியும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நடந்தாள். ஒருத்தியும் அந்த மண்ணை மிதிக்கவில்லை. பெயர்கூட வைக்காமல் மழையில் புதைத்த பிள்ளை அது.

"வாங்க, நான் கையப் புடிச்சுக்கிறேன்," என்றாள் அந்தப் பெண்.

சரிம்மா என்றேன். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவள் கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தேன்.